கடைச் சிப்பந்தியும் புது யோசனையும்

 

“பையன்கள் சொன்னதைச் செய்கிறார்கள், சொந்தமாய் யோசிப்பதில்லை” என்று நம்மில் பலர் குறைப்படுகிறோம். காரணம் என்ன?

இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த பள்ளிவாசல் இமாமின் மகன் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை ஏவும் பொறுப்பு அவருடையது. கணினி எச்சரித்தும் ஏவச் சொன்னார். அது வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர் முன் பழியை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். தம் ஆட்களுக்குத் துணை நிற்பதாகவும் சொன்னார். 1980 ஜூலை 18-ல் அக்குழு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அன்றோ தவான் ஒதுங்கிக்கொண்டு, கலாமையே பேசச் சொன்னார்!

சாஆவில் நான் செய்தது இதற்கு நேர்மாறு. தோட்டத்துச் சம்பள நாளுக்கு முன்பே அரிசி, பருப்பைப் பொட்டலம் கட்டி வைக்கலாம் என்றான் என் கடைப் பையன். முதல் தடவை நிறுவை தவறியது. வாடிக்கைக்காரர் முன்னே ஏசிவிட்டேன். அதன்பின் அவன் ஒரு யோசனையும் சொன்னதில்லை. அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் பழக வேண்டியவை மூன்று:

1. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பிறர் முன் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. யோசனை பலித்தால், சொன்னவன் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

3. கடை அடைத்தபின் ஒன்றாய் உண்ணுங்கள். புதிதாய் வந்தவனை முதலில் பேசவிடுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பத்தாண்டு பணி செய்த அனஸ் (ரலி) ஒருநாளும் கடிந்துகொள்ளப்படவில்லை என்று மதரஸாவில் ஓதினோம். கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்தோம். இனியேனும் நினைவில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.