காட்டைக் காண ஒரு மரக்கோபுரம்

காட்டினுள் நின்றுகொண்டு காட்டைக் காண இயலாது. அடிமரங்களும் புதர்களும் தெரியுமேயன்றி, இருவாட்சிப் பறவை அமரும் உச்சிக்கிளைகள் நம் கண்ணுக்கு எட்டா. ஆகவேதான் நோக்குக் கோபுரம் வேண்டப்படுகிறது. காட்டுக்கு ஊறு செய்யாமல், மரத்தைக்கொண்டே அதனைக் கட்டுதல் கூடுமா? கூடும், ஆயினும் அஃது எளிய செயலன்று.

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் கொர்க்கேயசாரி என்னும் தீவு உண்டு. அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையில் 2002ஆம் ஆண்டில் 10 மீட்டர் உயரமுள்ள மரக்கோபுரம் ஒன்று எழுந்தது. அதனை வடிவமைத்த வில்லே ஹாரா அப்போது கட்டடக்கலை பயின்ற மாணவரே. 72 நீண்ட மரச்சட்டங்களை வளைத்தும் முறுக்கியும், ஒன்றையொன்று குறுக்கிடுமாறு வலைபோல் அமைத்து, சந்திக்கும் இடங்களில் மரையாணிகளால் இணைத்தனர். பார்ப்பதற்கு நம் பாட்டிமார் முடையும் கூடையைப்போலவே இருக்கும். கூடையின் ஒற்றை ஈர்க்கு எளிதில் வளையும். பின்னிய கூடையோ சுமை தாங்கும். மேலும், சட்டங்களுக்கு இடையே காற்று புகுந்து செல்லும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்விடைவெளிகளின் அருமை விளங்கும்.

ஆஸ்திரியா நாட்டில் பிரமிடன்கோகல் குன்றின்மேல் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோபுரம் 100 மீட்டர் உயரமுடையது. லார்ச் மரத்தின் பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிச் செய்த 16 தூண்கள் அதனைத் தாங்குகின்றன. எஃகு வளையங்கள் அத்தூண்களைப் பிணைக்கின்றன. முழுதும் மரம் என்று சொல்லுவாருளர், அது சரியன்று. மரம் உழைக்கும் இடத்தில் மரமும், இரும்பு உழைக்கும் இடத்தில் இரும்பும் இருப்பதே நல்ல வடிவமைப்பாகும். மரம் நெடுநாள் நில்லாது என்று ஐயுறுவோர் போலந்து நாட்டின் கிளிவிட்சே நகரை நோக்குக. அங்கே 1935இல் எழுப்பப்பட்ட ஏறத்தாழ 110 மீட்டர் உயர மரத்தாலான வானொலிக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

அவை குளிர்நாடுகள். நம் மலேசியாவிலோ ஆண்டுதோறும் 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது, கரையானுக்கும் குறைவில்லை. இங்கே எம்மரத்தைத் தேர்வது? தோட்டத்துப் பிள்ளைகள், "ரப்பர் மரம் இருக்கிறதே, ஐயா!" என்பர். நல்ல கேள்விதான். பால் குறைந்து, 25 அல்லது 30 ஆண்டுகளில் வீழ்த்தப்படும் ரப்பர் மரம் நாற்காலிக்கும் மேசைக்கும் ஏற்றது. ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி. வெயிலிலும் மழையிலும் விட்டால் பூஞ்சையும் வண்டும் விரைவில் அழித்துவிடும். உறுதிக்குப் பெயர்பெற்றது செங்கால் மரமாகும். திரங்கானுவின் படகுத் தச்சர் அதனையே பெரிதும் நாடினர். அதுவோ மிக மெதுவாக வளர்வது. காடுகளில் அருகியும் வருகிறது. காட்டைக் காட்டுவதற்காக அக்காட்டின் அரிய மரத்தையே வெட்டுவது முறையாகாது. பழைய பாலங்களையும் வீடுகளையும் பிரிக்கும்போது கிடைக்கும் செங்கால் உத்திரங்களை மீண்டும் பயன்படுத்துவதே சாலச் சிறந்தது என்பது நம் கருத்து.

மருந்து ஏற்றிய மரமும் கிடைக்கும். ஆயின் மருந்தின் பெயரைக் கேட்டறிய வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து நெடுங்காலம் வழங்கிற்று. ஆர்சனிக் நஞ்சாதலால், வீடுகளுக்கும் விளையாட்டிடங்களுக்கும் ஆகும் மரத்தில் அதனை ஏற்றுவதை அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு உற்பத்தியாளர்கள் கைவிட்டனர். பிள்ளைகள் கைப்பிடியைப் பற்றுவர். பின்பு அக்கையாலேயே உண்பர். ஆகவே கைப்பிடிக்கு அத்தகைய மரம் கூடவே கூடாது.

மரத்தின் முதற்பகைவன் நீர் அன்று, தேங்கும் நீரே. மழையில் நனைந்து வெயிலில் உலரும் மரம் பிழைக்கும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் பூஞ்சை வளராது. எனவே தூணை மண்ணில் புதைத்தல் ஆகாது. சிமெண்டுக் கட்டையின்மேல் இரும்புக் காலணி பொருத்தி, அதன்மேல் தரையைத் தொடாமல் தூணை நிறுத்த வேண்டும். தூணின் வெட்டுமுகம் குழாய்களின் வாயைப்போல் நீரை உறிஞ்சும். அதனைச் சாய்வாக அறுத்துத் தகடு கவிழ்க்க வேண்டும். தரைப்பலகைகளுக்கு இடையே விரலளவு இடுக்கு விட வேண்டும். பெரிய தளமாக அடித்தளம் இடாமல் தனித்தனிச் சிறு கட்டைகளாக இட்டால், அருகிலுள்ள மரங்களின் வேரும் பிழைக்கும். பட்டறையிலேயே அறுத்துத் துளையிட்டு, ஆட்கள் தோளில் சுமந்து செல்லும் அளவிலான உறுப்புகளாகச் செய்துவிட்டால், லாரிக்கென்று காட்டில் பாதை வெட்டவும் வேண்டுவதில்லை.

இடம் தேர்தலிலும் கவனம் வேண்டும். தாமான் நெகாராவில் 'பும்புன்' எனப்படும் மறைவுக் குடில்கள் உள்ளன. விலங்குகள் உப்பு நக்க வரும் இடத்தை நோக்கி அவை அமைந்துள்ளன. ஆயினும் அவ்விடத்தின் மேலேயே கட்டப்படவில்லை. தள்ளி நின்று பார்ப்பதே முறை.

இனி, ஏறுவோர் உயிரைப் பற்றியது. ஒரு வகுப்பின் 20 மாணவர் மேலேறினால், ஒருவர் 30 கிலோ என்றாலும் 600 கிலோ ஆயிற்று. அவர்கள் ஒரே பக்கம் ஓடி ஒரே தாளத்தில் குதித்தால் கோபுரம் ஊசலாடும். அதனைத் தடுப்பவை குறுக்குச் சட்டங்களே. கைப்பிடிச் சுவரின் கம்பிகள் நெட்டாக இருக்க வேண்டும். கிடையாக இருந்தால் பிள்ளைகள் அவற்றையே ஏணியாக்குவர். சிறு குழந்தையின் தலை நுழையாதவாறு, கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு மூட்டையும் திருப்புளியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் சட்டத்தை மாற்ற வேண்டும். அதற்கேற்ப, ஒரு சட்டத்தைக் கழற்றினாலும் மற்றவை நிற்குமாறு தொடக்கத்திலேயே வடிவமைத்தல் தச்சரின் கடமை.

பயிற்சி: தென்னை ஈர்க்குகள் நான்கினை நூலால் கட்டிச் சதுரமாக்குக, மூன்றினைக் கட்டி முக்கோணமாக்குக. இரண்டையும் மூலையில் விரலால் தள்ளிப் பார்த்து, எது சாய்ந்தது என்று குறித்துக்கொள்க. சாய்ந்ததன் மூலைக்கு மூலை இன்னோர் ஈர்க்கினைக் கட்டி மீண்டும் தள்ளுக. பின்னர், ஒரு முழ உயரக் கோபுரத்தை ஈர்க்காலேயே செய்து, அதன் உச்சியில் உங்கள் அறிவியல் பாடநூலை வைத்துப் பாருங்கள்.