டிஷ் தொலைக்காட்சியில் படம் தடைப்பட்டால்

மழைக்காலம் தொடங்கியதும் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் முறையீடுகளுள் ஒன்று, தொலைக்காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது என்பதாகும். உடனே வீட்டில் ஒருவர் கூரைமேல் ஏறி டிஷ்ஷை இப்புறமும் அப்புறமும் திருப்புகிறார். அரைகுறையாக வந்துகொண்டிருந்த படமும் அடியோடு மறைகிறது. பின்னர் மெக்கானிக்கை அழைக்கவேண்டியதாகிறது; தறியிலோ வயலிலோ உழைத்துப் பெற்ற கூலி அவருக்குப் போகிறது. இச்செலவில் பெரும்பகுதி தவிர்க்கத்தக்கது என்பதே நமது கருத்து. குறையைத் தேடுகையில் வீட்டினுள் உள்ள பெட்டியிலிருந்து தொடங்கி வெளியே செல்லவேண்டும். டிஷ்ஷின் திருகாணியைத் தொடுவது எல்லாவற்றிற்கும் கடைசி வேலை.

மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையையே உதாரணமாகக் கொள்வோம். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய சேவை இது. விவசாயிகளுக்கென 2015-இல் ஏற்பட்ட டி.டி. கிசான், முன்பு பொதிகை என்றிருந்து 2024-இல் பெயர் மாறிய டி.டி. தமிழ் ஆகியவை இதன் வழியே வருகின்றன. இதன் விண்கலம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. நம் நாட்டிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 67, 68 பாகை உயரத்தில் இருக்கும். சென்னையில் ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. கோயம்புத்தூர், மதுரைப் பக்கங்களில் அதிலிருந்து 12, 13 பாகை கிழக்கே ஒதுங்கியிருக்கும்.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், ஏணி போன்ற ஏரியலைக் கூரையில் நட்டு வைத்தோம். அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும். அலை சுவரில் மோதித் திரும்பினால் ஓர் உருவம் இரண்டாகத் தெரியும். படத்தைப் பார்த்தே குறையை ஊகிக்கலாம். இப்போதைய முறையில் அவ்வாறில்லை. அலை ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் கண்ணாடிபோல் தெளிவாக வரும். அவ்வளவு குறைந்ததும் கட்டங்களாக உடைந்து, உடனே நின்றுவிடும். நேற்றுவரை நன்றாயிருந்தது, இன்று திடீரென்று கெட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்துவந்த அலை இன்றுதான் எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும்.

ஆகவே முதலில் பெட்டியின் மெனுவில் அலையின் அளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இரண்டு கோடுகள் தோன்றும். ஒன்று ‘சிக்னல் ஸ்ட்ரென்த்’, மற்றொன்று ‘சிக்னல் குவாலிட்டி’. முதற்கோட்டைக் கண்டு ஏமாறலாகாது. டிஷ்ஷின் கைமுனையில் உள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவிக்கு மின்சாரம் எட்டினாலே அக்கோடு உயர்ந்து நிற்கும். டிஷ் வெறும் வானத்தை நோக்கியிருந்தாலும் அப்படியே காட்டும். நமக்கு வேண்டியது இரண்டாம் கோடு. இரண்டுமே சுழியாயின் குறை பெரும்பாலும் கேபிளிலோ, அதன் பின்னிலோ, எல்.என்.பி.யிலோ இருக்கும். முதற்கோடு இருந்து இரண்டாவது மட்டும் இல்லையாயின் டிஷ் திசை மாறியிருக்கலாம், அல்லது ஏதோ மறைக்கிறது. இரண்டும் நன்றாயிருந்து ஓரிரு சானல்கள் மட்டும் காணாமற் போயின், டிஷ்ஷில் குறையே இல்லை. இச்சேவையில் தனியார் சானல்களுக்கு இடம் ஏலத்தில் ஒதுக்கப்படுவதால் பட்டியல் அவ்வப்போது மாறும். பெட்டியில் மறுபடி தேடச் செய்தால் போதும். தேடியும் வராத சானல் சேவையை விட்டு விலகியிருக்கலாம். அதற்கு மெக்கானிக் ஒன்றும் செய்ய இயலாது.

அடுத்தது கேபிள். எமது அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட குறைகள் இங்கேதான் உள்ளன. கேபிளை எல்.என்.பி.யுடன் இணைக்கும் பின்னுக்குள் மழைநீர் புகுந்து, நடுவிலுள்ள செப்புக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ போய்விடும். இந்தக் கம்பி வழியாகவே பெட்டியிலிருந்து எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே போகிறது. அலையும் இதன் வழியாகவே கீழே வருகிறது. பெட்டியின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே பின்னைக் கழற்றுக. மின்சாரம் இருக்கையில் நடுக்கம்பி உறையைத் தொட்டால் பெட்டி பழுதாகலாம். கறுத்த பகுதியை வெட்டியெறிந்து புதுப் பின்னைப் பூட்டி, நீர் புகாதபடி டேப்பை இறுகச் சுற்றுக. கேபிள் பின்னை அடையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கினால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளை இடையில் அறுத்து முறுக்கி ஒட்டுப்போடுவது கூடாது. இழை அறுந்தால் முடிச்சிடும் நம் தொழில் வழக்கம் இங்கே செல்லாது.

மழை கொட்டும்போது மட்டும் படம் நின்று, மழை விட்டதும் தானே வந்தால் எதையும் தொடவேண்டாம். இவ்வலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ.தான், கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். மழை விட்டு வெயில் காய்ந்தும் படம் வராவிட்டால்தான் பின்னில் நீர் புகுந்ததா என்று பார்க்கவேண்டும்.

மரத்தின்மேல் பழி போடுவதும் வழக்கமாகிவிட்டது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை இதற்காகவே வெட்டினார்கள். படம் வரவில்லை, குறை பின்னில் இருந்தது. டிஷ் தாழ்வாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, அது எதிரிலுள்ள மரத்தையே நோக்குகிறது என்று எண்ணுவது பிழை. எல்.என்.பி. தாங்கும் கை அடி விளிம்பிலிருந்து நீண்டிருக்கும் இவ்வகை டிஷ், தன் முகம் காட்டும் திசையைவிட 20 பாகைக்கு மேல் உயர்ந்த வானத்திலிருந்தே அலையை வாங்குகிறது. தென்கிழக்கில் 4 மீட்டர் தள்ளி நிற்கும் மரம், டிஷ்ஷுக்கு மேல் ஏறக்குறைய 10 மீட்டர் எழுந்தாலன்றி மறைக்காது. டிஷ்ஷை ஒட்டி மேலே படரும் கிளைதான் பகை.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மார்ச் நடுவில் காலை சுமார் 11¼ மணிக்கும், செப்டம்பர் கடைசி வாரத்தில் சுமார் 11 மணிக்கும் சூரியன் அந்த விண்கலத்தின் நேர் பின்னால் வந்து நிற்கும். அவ்வேளையில் டிஷ்ஷின்மேல் இலைநிழல் விழுகிறதா என்று பார்த்தால் வழி திறந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நிழலைப் பார்த்தால் போதும், சூரியனை நோக்கலாகாது. அந்நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடம் படம் உடைவதும் உண்டு. சூரியனின் இரைச்சல் விண்கலத்தின் மெல்லிய அலையை அமுக்கிவிடுவதே காரணம். அதற்கும் பழுதுபார்க்கத் தேவையில்லை.

இவையனைத்தையும் பார்த்த பிறகும் இரண்டாம் கோடு எழவில்லையாயின் டிஷ் நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். விசைத்தறிக் கொட்டகைச் சுவரில் குழாயைப் பதித்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இயலுமாயின் தறி அதிராத வேறு சுவருக்கு மாற்றுவது நலம். 60 செ.மீ. டிஷ்ஷின் ஒரு விளிம்பு 1 செ.மீ. நகர்ந்தால் பார்வை ஒரு பாகை திரும்பும்; விண்கலம் நிற்கும் தொலைவில் அது 600 கி.மீ.க்கு மேற்பட்ட விலகலாகும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். திருகாணியைத் தளர்த்துமுன், இருக்கும் நிலையைக் குழாயின்மேல் பெயிண்டால் கோடிட்டுக் கொள்ளுங்கள். தவறினால் பழைய இடத்திற்குத் திரும்பலாம். ஒருவர் உள்ளே கோட்டைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் நூலளவு திருப்பி ஐந்து விநாடி நிறுத்த வேண்டும். பெட்டி அலையைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரமாகும். விரைந்து திருப்புகிறவர் சரியான இடத்தைக் கடந்து போய்விடுவார். இடவலத் திசையைச் சரிசெய்து முடித்த பின்னரே ஏற்ற இறக்கத்திற்கு வருக.

மின்கம்பி அருகில் செல்லும் கூரையிலும், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின்மீதும் ஏறவேண்டாம். அத்தகைய வீடுகளில் ஆளை அழைப்பதே முறை. இடிமழை நெருங்கும்போது பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவதோடு, கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றி வைக்கவும்.