மீடியாவில் ஒளிந்திருக்கும் ஆர்.என்.ஏ.: நுண்குமிழி ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செல்கள் வெளியே விடும் எக்சோசோம் போன்ற நுண்குமிழிகளுக்குள் எம்.ஆர்.என்.ஏ.வும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருக்கின்றன, அவை வேறு செல்லுக்குள் போய்ச் சேரவும் செய்கின்றன என்று 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு இத்துறைக்கு வந்தவர்கள் ஏராளம். மனிதச் செல்லை வளர்ப்பார்கள், அது வளர்ந்த ஊட்டத் திரவமான மீடியாவைச் சேகரிப்பார்கள், நுண்குமிழிகளைப் பிரித்து அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் பட்டியலிடுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பகுதி செல்லுடையதே அல்ல, மீடியாவுடையது என்றால்? அதைக் கண்டுபிடித்துக் கழிக்கும் வழியை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

கலப்படம் எங்கிருந்து வருகிறது?

முதல் சந்தேகம் எஃப்.பி.எஸ். மீதுதான் விழ வேண்டும். மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் இந்தச் சீரத்தை வழக்கமாக மீடியாவில் 10% சேர்க்கிறோம். ரத்தத்தில் இயல்பாக உள்ள நுண்குமிழிகள் சீரத்திலும் இருக்கும். அதோடு, குமிழிக்கு வெளியே ஆர்கோனாட் புரதங்களையும் கொழுப்புப்புரதங்களையும் பற்றிக்கொண்டு மிதக்கும் ஆர்.என்.ஏ.வும் உண்டு.

0.22 மைக்ரான் வடிகட்டி இவற்றைத் தடுக்காது. பெரும்பாலான நுண்குமிழிகள் அந்தத் துளையைவிடச் சிறியவை. 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவதும் ஆர்.என்.ஏ.வை நீக்கும் வழி அல்ல.

படி 1: செல் இல்லாத குடுவை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். செல் போட்ட குடுவைகளுக்குப் பக்கத்திலேயே, செல் போடாமல் அதே மீடியாவை மட்டும் ஊற்றிய குடுவைகளையும் இன்குபேட்டரில் வையுங்கள். அதே கொள்ளளவு, அதே 37 டிகிரி, அதே கால அளவு. சேகரிப்பதிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிப்பது வரை எல்லாப் படிகளையும் இதற்கும் செய்யுங்கள். இதைச் செய்யாமல் முடிவு சொல்வது, நெய்யை டின்னோடு நிறுத்துவிட்டு மொத்தமும் நெய்யின் எடை என்பது போலத்தான்.

ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட்டின் காலம்களிலும் அந்நிய ஆர்.என்.ஏ. இருப்பது 2018இல் தெரியவந்தது. ஆகவே வெறும் பஃபரை மட்டும் கிட்டில் ஓட்டிய மாதிரி ஒன்றும் வேண்டும்.

படி 2: சீரத்தைச் சுத்தப்படுத்துதல்

சீரத்தை அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுழற்றி நுண்குமிழிகளை அடியில் படியவைப்பது வழக்கமான முறை. நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 120,000 ஜி விசையில் 18 மணி நேரம் சுழற்றினால் ஆர்.என்.ஏ. கொண்ட குமிழிகளில் சுமார் 95% நீங்குகின்றன, ஒன்றரை மணி நேரச் சுழற்சி அந்த அளவுக்குப் பயன்படுவதில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. சுழற்றியபின் மேல் பகுதியை மட்டும் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். அடியில் படிந்ததைக் கலக்கிவிட்டால் அத்தனை நேரமும் வீண்.

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். புரதத்தோடு ஒட்டிய ஆர்.என்.ஏ. எளிதில் படியாது. சுழற்றிய சீரத்திலும் மாட்டு ஆர்.என்.ஏ. மிஞ்சுகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. மிர்-122, மிர்-451ஏ, மிர்-1246 போன்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் செல்லின் குமிழியிலிருந்து வந்தவையாக முன்பு கருதப்பட்டிருந்தாலும், சீரத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்று அது எச்சரித்தது. மிர்-122 கல்லீரலுக்கும் மிர்-451ஏ சிவப்பணுவுக்கும் உரியவை. ரத்தச் சீரத்தில் இவை இருப்பதில் வியப்பில்லை.

படி 3: சீரமே வேண்டாம் என்றால்

சீரம் சேர்க்காத மீடியாவில் மாட்டு ஆர்.என்.ஏ. வெகுவாகக் குறையும். ஆனால் எல்லாச் செல்லும் அதைத் தாங்காது. வாடிச் சாகும் செல்கள் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். அதனால் மீடியாவைச் சேகரிக்கும்போதே உயிருள்ள செல்களின் விகிதத்தையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சீரமற்ற மீடியாவுக்கான சேர்க்கைகளிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு கண்டது. லேபிளில் சீரம் இல்லை என்று இருந்தாலும் படி 1ஐ விட்டுவிடக் கூடாது.

படி 4: அளவிட்டுக் கழித்தல்

கியூபிசிஆரில் இரண்டு மாதிரிகளையும் சம எடை ஆர்.என்.ஏ. எடுத்து ஒப்பிடாதீர்கள். செல் இல்லாத மாதிரியில் ஆர்.என்.ஏ. குறைவு. எடையைச் சமப்படுத்தினால் அதன் அளவு செயற்கையாக உயர்ந்து தெரியும். சம கொள்ளளவு மீடியாவிலிருந்து கிடைத்ததை ஒப்பிடுங்கள். பிரித்தெடுப்பில் ஏற்படும் இழப்பை அறிய, மனிதரிலும் மாட்டிலும் இல்லாத புழுவின் மிர்-39ஐச் செயற்கையாகத் தயாரித்து இரண்டிலும் ஒரே அளவு சேருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மிர்-21க்குச் செல் மாதிரியில் சிடி (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்றின் எண்) 24, செல் இல்லாத மாதிரியில் 31 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 சுற்று, அதாவது சுமார் 128 மடங்கு. இது செல்லிலிருந்து வந்தது என்று நம்பலாம். மிர்-122க்கு முறையே 28, 28.5 என்றால் வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லை. கிடைத்ததில் சுமார் 70% மீடியாவுடையது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: வரிசைத் தரவைப் படித்தல்

சீக்வென்சிங் தரவை மனித மரபணுத்தொகுதியோடு மட்டும் பொருத்தினால் மாட்டு ஆர்.என்.ஏ.வும் மனிதருடையதாகப் பதிவாகும். மனிதத் தொகுதி, மாட்டுத் தொகுதி இரண்டோடும் ஒருசேரப் பொருத்துங்கள். நீளமான துண்டுகளில் வேறுபாடு பிடிபடும். சுமார் 22 எழுத்தே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சிக்கல். லெட்-7ஏ, மிர்-21 போன்ற பல இரு இனங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மாட்டோடு பொருந்தும் அத்தனையையும் நீக்கினால் உங்கள் செல்லின் தரவும் சேர்ந்து போய்விடும். இங்கே மென்பொருள் கைகொடுக்காது, செல் இல்லாத குடுவைதான் கைகொடுக்கும்.

படி 6: எழுதிவைக்க வேண்டியவை

• சீரத்தின் நிறுவனம், லாட் எண். ஒரு சோதனைத் தொடர் முழுவதற்கும் ஒரே லாட்.
• சுத்தப்படுத்திய முறை, விசை, நேரம், ரோட்டரின் பெயர்.
• மீடியாவில் சேர்த்த ஒவ்வொரு பொருளும் அதன் அளவும்.
• செல் இல்லாத மாதிரியின் மூலத்தரவு.

மீடியா தயாரித்த விதத்தை வெளிப்படையாகத் தர வேண்டும் என்று இத்துறையின் மைசெவ் வழிகாட்டு நெறிகளும் கேட்கின்றன. சீரம் மிகச் சுத்தம் என்று யார் சான்று தந்தாலும் உங்கள் குடுவையில் நீங்களே சோதித்துப் பாருங்கள். செல் இல்லாத குடுவையோடு ஒப்பிடாத எந்த ஆர்.என்.ஏ. பட்டியலையும், அது உங்களுடையதாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.