இரு செடிகள், இரு தேவைகள்

மலேசியாவில் தமிழர் வீடுகள் பலவற்றின் முன்னால் இரண்டு செடிகளைக் காணலாம். ஒன்று கறிவேப்பிலை, மற்றொன்று பாண்டான். சாம்பாரும் மீன் கறியும் தாளிப்பதற்குக் கறிவேப்பிலை வேண்டும். நாசி லெமாக்கும் பச்சைப்பயற்றுக் கஞ்சியும் மணப்பதற்குப் பாண்டான் வேண்டும்.

இவ்விரு கன்றுகளையும் ஒரே நாளில் வாங்கி வந்து, ஒரே அளவுள்ள சாடிகளில் நட்டு, ஒரே இடத்தில் வைத்து, காலையும் மாலையும் ஒரே அளவு நீர் ஊற்றுவோர் உண்டு. சில வாரங்களில் பாண்டான் செழித்து நிற்கும். கறிவேப்பிலையோ மஞ்சளாகி இலைகளை உதிர்க்கும். 'இரண்டையும் ஒன்றுபோலத்தானே பார்த்துக்கொண்டோம்! இது மட்டும் ஏன் வாடுகிறது?' என்று அவர்கள் வருந்துவார்கள். இரண்டையும் ஒன்றுபோலப் பார்த்துக்கொண்டதுதான் அங்கு நேர்ந்த தவறு.

தாயகமும் உறவும்

கறிவேப்பிலை இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. அது எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாடியில் சிறு செடியாகத் தெரிந்தாலும், நிலத்தில் நட்டால் ஆளைவிட உயரமாக வளரும் மரம் அது.

பாண்டான் தென்கிழக்காசிய மக்கள் நெடுங்காலமாக வளர்த்து வரும் செடி. இலங்கைத் தமிழர் இதனை 'ரம்பை' என்பர். இது தாழையின் நெருங்கிய உறவு. தாழையின் மணம் அதன் பூவில் இருக்கிறது. பாண்டானின் மணமோ இலையில் இருக்கிறது. பாண்டான் பூப்பது மிகமிக அரிது.

வெயிலும் நிழலும்

கறிவேப்பிலைக்கு நல்ல வெயில் தேவை. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பட்டால் அது கிளைத்து வளரும். நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும், இலைகள் குறையும்.

பாண்டான் அப்படியன்று. மர நிழலிலும் மதிலோரத்திலும் அது நன்றாக வளரும். உச்சி வெயில் நாள் முழுவதும் பட்டால் அதன் இலைகள் வெளிறும், நுனிகள் கருகும். ஆகவே, வெயில் குறைவாகப் படும் அடுக்குமாடி நடைபாதைக்குப் பாண்டானே ஏற்றது.

நீரும் மண்ணும்

இரு செடிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நீரில்தான் இருக்கிறது. பாண்டான் ஈரத்தை விரும்பும். அதன் மண் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது.

கறிவேப்பிலையின் வேர்களுக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால், மண் துகள்களுக்கு இடையே காற்றுக்கு இடமிராது. வேர்கள் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. அதனால், ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். இதைக் கண்டவர், செடிக்குத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவார். நோய் முற்றும், செடி மடியும். அன்பு குறைந்ததால் அன்று, அறியாமையால் அது மடிகிறது.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. நீர் ஊற்றுவதற்கு முன்பு விரலை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திற்கு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் கறிவேப்பிலைக்கு அன்று நீர் வேண்டாம். சாடியின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். தோட்ட மண்ணோடு மணலும் மட்கிய உரமும் கலந்தால் நீர் எளிதில் வடியும். மழைக்காலத்தில் சாடியைக் கூரையின் ஓரத்திற்கு நகர்த்தி வைக்கலாம்.

பாண்டான் ஈரத்தை விரும்புகிறது என்பதற்காகச் சாடியின் அடித்தட்டில் நீரைத் தேங்க விடக் கூடாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அம்முட்டைகள் கொசுக்களாகிவிடும். எனவே, அடித்தட்டு நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிடுவதும் நல்லது.

இலை பறிக்கும் முறை

கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாக உருவி எடுப்பதைவிட, கிளையின் நுனியோடு கிள்ளி எடுப்பதே நல்லது. நுனியைக் கிள்ளினால் அதன் கீழே புதிய கிளைகள் தோன்றும், செடி அடர்த்தியாகும்.

பாண்டானில் அவ்வாறு செய்யக் கூடாது. அதன் இலைகள் நடுவிலுள்ள குருத்திலிருந்து தோன்றுகின்றன. அடியில் உள்ள முதிர்ந்த இலைகளை மட்டும் பறித்துக்கொண்டு, குருத்தையும் அதனைச் சுற்றியுள்ள இளம் இலைகளையும் விட்டுவிட வேண்டும். ஒரு செடிக்கு நன்மை தரும் செயல் மற்றொன்றுக்குத் தீங்காகலாம் என்பதற்கு இதுவே சான்று.

பூச்சிகள்

பாண்டானைப் பூச்சிகள் அதிகம் தாக்குவதில்லை. கறிவேப்பிலையையோ, எலுமிச்சை இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் தேடி வரும். அவை இளம் பருவத்தில் பறவையின் எச்சம் போலத் தோன்றும். வளர்ந்தபின் பச்சை நிறமாக மாறும். ஒரு சிறு செடியைச் சில நாள்களிலேயே மொட்டையாக்கிவிடும். உண்ணும் இலை என்பதால் நஞ்சு தெளிக்காமல், இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்துப் புழுக்களைக் கையால் அகற்றுவதே பாதுகாப்பானது.

பகிர்ந்து வளர்த்தல்

இத்தனை வேறுபாடுகளுக்கு இடையே ஓர் ஒற்றுமையும் உண்டு. இரு செடிகளும் தம் அடியில் பக்கக் கன்றுகளை ஈனும். கறிவேப்பிலையை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் பழுத்த பழத்தின் விதையை உலர விடாமல் விரைவில் நட வேண்டும். பாண்டானுக்குப் பக்கக் கன்றே வழி. வேரோடு பிரித்து நட்டால் அது எளிதில் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் இவ்விரு செடிகளும் வேலி தாண்டிப் பயணம் செய்கின்றன. தமிழர் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று மலாய்க்காரர் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் வீட்டுப் பாண்டான் கன்று இங்கே வருகிறது. கன்றைக் கொடுப்பவர், "இதற்கு வெயில் வேண்டும், தண்ணீர் அளவாக ஊற்றுங்கள்" என்று ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் அக்கன்று பிழைத்துக்கொள்ளும்.

எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுவது சமமாக நடத்துவது போலத் தோன்றும். ஒவ்வொன்றின் தேவையையும் அறிந்து அதற்கேற்பக் கொடுப்பதே உண்மையான பராமரிப்பு. செடிகள் வாய் திறந்து கேட்பதில்லை. மஞ்சளாகும் இலையும் கருகும் நுனியுமே அவற்றின் மொழி. அம்மொழியை அறிந்தவர் வீட்டில் இரண்டு சாடிகளுமே பசுமையாக இருக்கும்.