சித்தன்னவாசலைக் காப்போம்

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்று சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. அதன் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் அன்னங்களும் யானைகளும் நீரில் திளைக்க, மனிதர் மலர் பறிக்கின்றனர். சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியம் உதிர்ந்தால் திரும்ப வராது. கைக்கு எட்டாத விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலுமே இன்று ஓவியங்கள் எஞ்சியுள்ளன.

1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பாதுகாக்கிறது. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்புவதை 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. சிதைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதித்தது.

ஆனால் சுவரில் பெயர் கிறுக்கும் ஒவ்வொரு கையையும் சட்டம் பிடிக்க இயலுமா? தோழியரே, சுற்றுலா செல்லும்போது கண்ணால் காண்போம், கையால் தொடோம்!