பழைய வானுக்கு இரண்டாவது பற்றறி

அரியாலையில் கண்டி வீதியோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பழைய ஹயஸ் வான்கள் இன்னும் ஓய்வு எடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும். 1989 இல் ரொயோற்றா கொண்டுவந்த அந்த உருண்டை மூக்கு வானை இலங்கை முழுக்க ‘டொல்பின்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் மறுபடி திறந்தார்கள், ஆனால் விலையைக் கேட்டவர்கள் திரும்பி வந்து இருக்கிற வானுக்கே பெயின்ற் அடித்தார்கள். கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் அதிலேதான் போகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தங்கள் பின் சீற்றுகளை மடக்கி மெத்தை போட்டு, வானையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் என்னிடம் வந்து சொல்வார்கள்: “அண்ணை, பின்னாலை ஒரு பிளக் மட்டும் இழுத்து விடுங்கோ.”

எனக்கு வேலை வாகன வயரிங். அந்த ‘ஒரு பிளக் மட்டும்’ என்பதில் மூன்று ஃபோன், இரண்டு ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், சிலவேளை ஒரு றைஸ் குக்கர் எல்லாம் அடங்கும். இருக்கிற பற்றறியிலேயே எல்லாவற்றையும் கொளுவிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் குறிகட்டுவானில் பார்க்கலாம். நயினாதீவுக்குப் படகு ஏறிய கூட்டம் திரும்பி வரும்வரை ட்ரைவர் ஃபேனையும் பாட்டையும் போட்டுப் படுத்திருப்பார். கூட்டம் வந்து ஏறியதும் திறப்பைத் திருப்பினால் ‘டிக், டிக்’. இந்த வயசு டீசல் எஞ்சினைத் தள்ளி ஸ்ராட் எடுக்கலாம்தான். வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு வெயிலில் தள்ளுவது யார்?

ஸ்ராட் எடுக்கிற பற்றறியில் சொகுசுச் சாமான் எதையும் தொடுக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாவது பற்றறி வேறாக இருக்க வேண்டும், எஞ்சின் நின்றதும் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் காசைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். காரணம் பயமின்மை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, வருடக்கணக்காக வரவில்லை. ரோச் பற்றறிகூடத் தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைக் கொளுவி பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை இது. எந்த வயரையும் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி ஒட்டிவிடும் கை. ஆனால் அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். இரண்டு வயரும் முட்டினால் றேடியோ நிற்கும், அவ்வளவுதான். வான் பற்றறியின் இரண்டு முனையிலும் ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், கையில் மோதிரம் கிடந்தால் விரலோடு எரியும். 12 வோல்ற் ஆளுக்கு ஷொக் அடிக்காது என்பது சரி. வானை எரிக்க அது தாராளமாகக் காணும்.

ஒருமுறை ஒரு வானின் பின் சீற்றைக் கழற்றினேன். மெத்தைக்குக் கீழே கிடந்த வயரின் சிவப்புத் தோல் கடும் மண்ணிறமாகி, கருவாடு மாதிரி விறைத்திருந்தது. விரலால் வளைக்க நொறுங்கியது. இணைப்பு முறுக்கிய இடத்தில் செலோரேப். பற்றறியில் இருந்து அங்குவரை ஒரு பியூஸ்கூட இல்லை. அந்த மெத்தையில் பிள்ளைகள் படுத்துக் கதிர்காமம் போய் வந்திருக்கிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன் கணக்குப் போட வேண்டும். கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கேட்டதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்சுலின். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும், உறைந்தாலும் பழுது. 12 வோல்ற் கொம்பிரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாற் அளவில் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 4 அம்பியர். எங்கள் வெக்கையில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால், வண்டி நிற்கிற பத்து மணித்தியாலத்துக்கு 20 அம்பியர்-மணி. ஒன்றரை அம்பியர் ஃபேன் இரண்டு, எட்டு மணித்தியாலம்: 24. எல்ஈடி வெளிச்சம் 4, ஃபோன்கள் 6. மொத்தம் 54. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் ஆயுள் கெடும், எனவே 100 என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50 தான். ஒரு ஃபேனை நிற்பாட்டச் சொன்னேன். அம்மா தன் பக்கத்து ஃபேனைத் தொட விடவில்லை, மகன் தன்னுடையதை விட்டுக்கொடுத்தார்.

பற்றறி வாங்கும்போது ‘லொறிப் பற்றறி, பெரிசு’ என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். அதுவும் ஸ்ராட் எடுக்கச் செய்ததுதான். மெல்லிய தகடுகள், ஒரு கணம் பலமாகக் கொடுத்துவிட்டு உடனே நிரம்ப வேண்டும். இரவிரவாக மெதுவாக வடிந்து நிரம்புவதற்குத் தடித்த தகடு உள்ள டீப் சைக்கிள் பற்றறி வேண்டும், சோலர் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஆட்கள் படுக்கிற இடத்துக்குள் தண்ணீர் ஊற்றுகிற வகையை வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், அசிட் சிந்தும். வேறு வழியில்லை என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, காற்றுக் குழாயை வானுக்கு வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டு பற்றறிகளையும் இணைக்கிற ரிலேயில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். திறப்பைத் திருப்பியதும் ரிலே பிடிக்கிற மாதிரி இக்னிஷன் வயரில் கொடுத்துவிடுவார்கள். அப்போது ஸ்ராட்டர் சுற்றுகிற நேரத்தில் இரண்டு பற்றறியும் ஒன்றாகிவிடும். ஸ்ராட்டர் கேட்கிற பெரிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு, பின்னால் இருக்கிற பற்றறியில் இருந்து அந்த ஒல்லி வயர் வழியாக ஓடி வரும். பியூஸ் போகும், பியூஸ் இல்லாவிட்டால் வயர் போகும். ஆல்டனேற்றரின் ‘எல்’ முனை, அதாவது டாஷ்போர்ட்டில் பற்றறி விளக்கை அணைக்கிற வயர், அதில் இருந்து எடுத்தால் எஞ்சின் ஓடி சார்ஜ் தொடங்கிய பிறகுதான் ரிலே பிடிக்கும். அந்த வயர் பாரம் தாங்காது, ஆகவே இடையில் ஒரு சின்ன ரிலேயைப் போட்டு, பெரிய ரிலேயை அதால் இயக்குவேன். வோல்ற் பார்த்துத் தானே பிடித்து விடுகிற ரிலேயும் இப்போது கிடைக்கிறது. காசு இருந்தால் அது சுகம்.

லித்தியம் பற்றறி வாங்குவோர் கூடிவிட்டார்கள். பாரம் குறைவு, முக்கால் பங்குக்கு மேலேயும் தைரியமாக வடிய விடலாம். ஆனால் வெறும் ரிலேயால் அதை இணைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. வெறுமையான லித்தியம் பற்றறி கொடுக்கக் கொடுக்க வாங்கும். பழைய ஆல்டனேற்றர், ஏசி ஃபேன்களையும் ஹெட்லைற்றையும் சுமந்துகொண்டு இதையும் முழுப் பலத்தில் நிரப்பப் போனால் சூடேறிக் கருகும். இடையில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் 20 அம்பியர், 30 அம்பியர் என்று அளந்து விடும். சார்ஜருக்குக் காசில்லை என்றால் ஈயப் பற்றறியே நல்லது.

வயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 துண்டைக் கொண்டுவந்து ‘இது காணும்தானே’ என்பார்கள். அது 2.5 சதுர மில்லிமீற்றர். முன்னால் இருந்து பின்னுக்கு ஐந்து மீற்றர், திரும்பி வர ஐந்து மீற்றர், 10 அம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ற் தொலையும். வீட்டில் 230 வோல்ற்றில் அது கணக்கே இல்லை. 12 வோல்ற்றில் ஃபிரிட்ஜ் ‘பற்றறி இறங்கிவிட்டது’ என்று நினைத்து நின்றுவிடும், பற்றறியோ நிறைய இருக்கும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.3 க்கு வந்துவிடும். அதோடு வீட்டு வயரில் ஏழே ஏழு தடித்த கம்பி. வண்டியின் அதிர்வில் முனையில் ஒவ்வொன்றாக முறியும். மயிர் போல மெல்லிய இழைகள் நிறைய உள்ள வாகன வயர்தான் தாங்கும். வாங்குமுன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பியூஸ், பற்றறியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூசுக்கு அங்கால் வயர் உரசினால் பியூஸ் போகும், இங்கால் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. இரண்டு பற்றறிகளை இணைக்கிற வயருக்கு இரண்டு முனையிலும் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமிருந்தும் மின் வரும். பியூசின் அளவு வயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ‘ஃபேன் கூட இழுக்குது, 30 ஐ போடுங்கோ’ என்றால் முதலில் வயரை மாற்ற வேண்டும்.

றைஸ் குக்கர் ஆசைக்கு ஒரு பதில்: 700 வாற் குக்கரை இன்வேற்றரில் போட்டால் பற்றறியில் இருந்து 65 அம்பியருக்கு மேல் போகும். காஸ் அடுப்பை வெளியே இறக்கி வைத்துச் சமையுங்கள்.

ரோசா, கோஸ்ரர் போன்ற சின்ன பஸ்கள் என்றால் விஷயம் வேறு. அவற்றில் 24 வோல்ற், இரண்டு பற்றறி தொடராக. ஒரு பற்றறியில் மட்டும் 12 வோல்ற் தட்டி எடுத்துப் பாட்டுப்பெட்டி போடுவது இங்கே நடைமுறையாகவே போய்விட்டது. ஒன்று பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும், கடைசியில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும். 24 ஐ 12 ஆக்குகிற கொன்வேற்றர் போடுங்கள், விலை ஒரு பற்றறியை விடக் குறைவு.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. செம்மணிப் பக்கம் இருந்து அடிக்கிற காற்று டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்க வைக்கும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கலந்து ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்த பிறகு இறுக்கி, மேலே வஸ்லீன் பூசுங்கள். மைனஸைக் கடைசியில் பூட்ட வேண்டும். பிளஸை இறுக்கும்போது ஸ்பானர் பொடியில் முட்டினாலும் பொறி பறக்காது, காரணம் அவ்வளவுதான். ஏர்த் எடுக்கிற இடத்தில் பெயின்ற்றையும் துருவையும் உலோகம் மினுங்கும்வரை சுரண்டுங்கள். பழைய வானில் ‘விளக்கு மங்குது, ஃபேன் மெதுவாகச் சுத்துது’ என்று வருகிற முறைப்பாடுகளுக்கு நான் முதலில் பார்ப்பது ஏர்த்தைத்தான்.

கூரையில் 100 வாற் சோலர் தகடு ஒன்று, நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 அம்பியர்-மணி தரும். ஃபிரிட்ஜின் ஒரு முழு நாள் செலவில் பாதி அளவு அது. தகட்டுக்கும் கூரைக்கும் இடையில் காற்றோட விரல் இடைவெளி விடுங்கள், சூடேறினால் தருவது குறையும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது, இப்படிப் பூட்டிய வான்களில் இருந்து வீட்டுக்குள் வயர் இழுத்து விளக்கும் ஃபேனும் போட்டவர்கள் உண்டு. டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் எஞ்சினை ஓட விட்டு சார்ஜ் ஏற்ற யாருக்கு மனம் வந்தது? அதற்குப் பிறகு சோலர் வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை. கார்த்திகை, மார்கழி மழைக்குள் மட்டும் அதை நம்பி இருக்காதீர்கள்.

சீற்றுகளை நிரந்தரமாகக் கழற்றிக் கட்டில் அடிப்பதென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் இன்சூரன்ஸிலும் கேளுங்கள். வயரிங் மாற்றியதையும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லி வையுங்கள்.

வேலை முடிந்த வானை நான் நேரே பயணத்துக்கு அனுப்புவதில்லை. ஒரு இரவு அவர்கள் வீட்டு முற்றத்திலேயே நிற்கட்டும். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் போட்டு, உள்ளே ஆட்களும் படுக்கட்டும். காலையில் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிற்பாட்டி அரை மணித்தியாலம் விட்டு, மீற்றரை இரண்டாவது பற்றறியில் வையுங்கள். ஈயப் பற்றறி என்றால் நிறைந்தது 12.7 வோல்ற், பாதி 12.1 அல்லது 12.2. அதற்குக் கீழே நின்றால் சாமானைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சோலரைக் கூட்ட வேண்டும். பிறகு முன் பற்றறியைப் பாருங்கள்: முதல்நாள் இரவு இருந்த அளவு அப்படியே இருக்க வேண்டும். எஞ்சினை ஸ்ராட் செய்து, ரிலே ‘டக்’ என்று பிடித்ததும் பின் பற்றறியில் 14 வோல்ற்றை ஒட்டி ஏறினால் வேலை சரி. பிறகு அளவான பியூஸ் நாலைந்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, எது எதற்கு என்று கடதாசியில் எழுதி, ட்ரைவர் பக்கக் கதவுப் பெட்டியில் வைத்துவிடுவேன்.