நின்றால் கொதிக்கும் வண்டி

ஓடுகின்ற வரையில் சாதுவாக இருந்துவிட்டு, ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ சற்று நேரம் நிற்க நேர்ந்தவுடன் உஷ்ண முள்ளை மேலே ஏற்றிக் காட்டும் மோட்டார் வண்டியைப் பற்றி நம்மிடையே உலவும் அபிப்பிராயங்கள் பல. அவற்றுள் சில முழுப் பொய். சில, ஒரு காலத்தில் மெய்யாக இருந்து இப்போது காலாவதியானவை. எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, வண்டி எப்போது சூடாகிறது என்ற கேள்வியைக் கேட்காமலே பரிகாரம் சொல்லிவிடுவதுதான்.

“ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது, மாற்றிவிடலாம்” என்பது பட்டறைகளில் முதலில் கேட்கும் தீர்ப்பு. உள்ளே அடைபட்ட ரேடியேட்டரின் குணம் எத்தகையது என்றால், என்ஜின் மிகுதியாக உஷ்ணத்தைப் பிறப்பிக்கும் சமயங்களில், அதாவது முழுப் பாரத்துடன் மலைப்பாதை ஏறும்போதோ நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போதோதான், அது தன் இயலாமையை முதலில் வெளிப்படுத்தும். நின்றபடி ஓடும் என்ஜின் உண்டாக்கும் உஷ்ணம் சொற்பமானது. காற்று மட்டும் ஒழுங்காக ஊடுருவிச் செல்லுமானால், பாதி அடைபட்ட ரேடியேட்டர்கூட அதைச் சமாளித்துவிடும். வண்டி ஓடும்போது அந்தக் காற்று தானாக வந்து மோதுகிறது. நிற்கும்போதோ அதை இழுத்துக் கொடுக்க விசிறியைத் தவிர வேறு நாதியில்லை. ஆகவே, நின்றால் சூடாகி ஓடினால் தணியும் வண்டியில், ஆறிய என்ஜினில் கூலன்ட் மட்டம் சரியாக இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகு, அடுத்த சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும்.

“விசிறி சுற்றுகிறதே, அதில் என்ன குறை?” என்று உடனே கேட்பார்கள். சுற்றுவது வேறு, போதிய காற்றை இழுப்பது வேறு. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனால் விசிறி சோம்பலாகச் சுற்றும். பார்வைக்கு அது வேலை செய்வதாகவே தோன்றும். மோட்டாரை மாற்றியவர் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால், அது எதிர்த்திசையில் சுழன்று காற்றை முன்புறமாகத் தள்ளும். வேகமாகப் போகும்போது விசிறியின் தேவையே இராதாகையால் அந்தத் தவறு வெளியே தெரியாது. விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, எங்கோ இடித்துப் பழுதுபார்த்த வேளையில் கழற்றப்பட்டுத் திரும்பப் பொருத்தப்படாமலே போவதும் உண்டு. அது இல்லாவிட்டால் வெளியேறிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடியும் உள்ளே நுழையும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில், முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாதபடி, சேறும் பூச்சியும் பஞ்சும் அடையாகப் படிந்திருப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி அமைந்த வண்டியானால், விசிறி ஓடும்போது ஒரு பழைய செய்தித்தாள் பக்கத்தை முன்புறக் கிரில்லின் அருகே பிடித்துப் பாருங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றுகிறது. அசைவற்றுத் தொங்கினால் அதற்குப் பலமில்லை. கைவிரலைக் கொண்டு சோதிக்க வேண்டாம். சாவியை எடுத்த பின்பும் விசிறி திடீரென்று புறப்படுவது பல வண்டிகளின் சுபாவம்.

ஏ.சி. போட்டால் சூடு ஏறும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு, ஏனெனில் கண்டென்சர் தன் உஷ்ணத்தையும் ரேடியேட்டரின் மேல் சுமத்துகிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. ஓடத் தொடங்கினால் விசிறியும் கூடவே ஓடும். நிற்கையில் ஏறிய முள், ஏ.சி. போட்டதும் இறங்குமானால், விசிறி மோட்டார் நிரபராதி. உஷ்ணம் அறிந்து அதற்குக் கட்டளையிட வேண்டிய சென்சாரோ அதன் ஒயரோதான் குற்றவாளி. ஏ.சி. போட்டும் விசிறி அசையாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தால் மோட்டாரின் யோக்கியதை அக்கணமே தெரிந்துவிடும்.

“நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதி, சூடு இறங்கும்” என்ற யோசனை அம்பாஸடர் காலத்து மரபு. அந்த வண்டியில் விசிறியை என்ஜினே பெல்ட் மூலம் சுழற்றியதால், மிதிக்க மிதிக்கக் காற்றும் பெருகியது. அநுபவஸ்தர் சொன்னது முற்றிலும் நியாயம். 1983-இல் வந்த மாருதி 800 முதலாக மின்விசிறி வைத்த கார்கள் பெருகின. அம்பாஸடரின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. யோசனை மட்டும் சிரஞ்சீவியாக நிலைத்துவிட்டது. மின்விசிறிக்கு ஆக்ஸிலரேட்டர் மிதிபடுவதே தெரியாது. தண்ணீர் பம்ப் சற்று வேகமாகச் சுற்றும் என்பது மெய். ஆயினும் காற்று கூடாமல், எரிகிற பெட்ரோல்தான் கூடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தைப் போல் என்னை வருத்துவது வேறில்லை. “இந்த வெயிலுக்கு அது எதற்கு?” என்பது வாதம். ஊரின் வெயில் எவ்வளவாயினும், என்ஜின் தனக்குரிய உஷ்ணத்தில் நின்றால்தான் செம்மையாக ஓடும். அதற்காகவே தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை நீக்கினால் என்ஜின் சூடேறத் தாமதமாகும். இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி வண்டியின் கணினி எரிபொருளை மிகையாக ஊட்டும். மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும். சில என்ஜின்களில் விபரீதம் இன்னொரு படி மேலே செல்கிறது: தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழியொன்றை அடைக்கவும் செய்யுமாகையால், அது இல்லாதபோது சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பாராமலே என்ஜினுக்குத் திரும்பிவிடுகிறது. மூடியபடி இறுகிப்போன தெர்மோஸ்டாட் நின்றாலும் ஓடினாலும் சூட்டைக் காட்டும். நிற்கையில் மட்டும் சூடாகும் வண்டியில் அதன் மேல் பழி போடுவதற்கு ஆதாரம் குறைவு.

கூலன்ட் குளிர்நாட்டாருக்கே உரியது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். உஷ்ணத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே சிறந்தது என்பது சரிதான். ஆனால் அது துருப்பிடிக்க வைக்கும், போர்வெல் நீரானால் உள்ளே உப்பும் படியும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த நீர், கொதிநிலையை ஏழெட்டு டிகிரி உயர்த்தி, துருவையும் தடுக்கிறது.

இறுதியாக, அபாயகரமான நம்பிக்கை ஒன்று: சூடேறியதும் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றுவது. மூடியின் அழுத்தத்தினால்தான் உள்ளே நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி கழன்ற கணத்தில் அது ஆவியாகச் சீறி முகத்தையும் மார்பையும் வேகவைத்துவிடும். முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யின் குளிரை நிறுத்தி, ஹீட்டரை உச்சத்தில் வையுங்கள்; அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அப்படியும் முள் ஏறினால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்து, நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள். பிற்பாடு பட்டறைக்குச் சென்றதும், ரேடியேட்டரைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன்பு, ஏ.சி. இல்லாமல் வண்டியை நின்றபடி ஓடவிட்டு, விசிறி தானாகப் புறப்படுகிறதா என்று பார்க்கும் வரை மெக்கானிக்கையும் உங்கள் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள்.